அட்டையில் சிவப்புக் கோடு, இரண்டு கடை தள்ளி அதே மாத்திரை

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு வயது அறுபத்தெட்டு, சர்க்கரை உண்டு, நான்கு நாளாகச் சளியும் லேசான காய்ச்சலும். காட்பாடியில் வழக்கமாக வாங்கும் மருந்துக் கடையில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் (பாக்டீரியாவை அடக்கும் மருந்து) கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் வரை கேட்டதும் கொடுத்தவர், இம்முறை டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு கடை தள்ளிக் கேட்டால் ஒரு கேள்வியும் இல்லாமல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். குழம்பிப்போய் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். பழைய அட்டையில் இரண்டு மாத்திரைகள் மிச்சம் இருக்கின்றன, அதைக் கொடுக்கலாமா என்பது கடைசிக் கேள்வி. ஆனால் கோபமெல்லாம் நடுவில் கேட்டதில்தான் இருக்கிறது: ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்படுத்துகிறோம் என்று அரசு சொல்வது உண்மையான வேலையா, கண்துடைப்பா, டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாதவனை அலைக்கழிப்பதைத் தவிர இதனால் என்ன நடந்தது? அந்த நடுக் கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மாத்திரைக்கான பதில் கடைசியில் இருக்கிறது. அவசரமென்றால் நேராக அங்கே போய்விடுங்கள்.

நான் நோயாளியைத் தொட்டுப் பார்த்து மருந்து எழுதும் மருத்துவர் அல்ல. நுண்ணுயிரியல் படித்துவிட்டு இருபத்தெட்டு ஆண்டுகள் வேலூரிலும் குடியாத்தத்திலும் ஆய்வகங்களில் உட்கார்ந்திருந்த ஆள். சிறுநீர், சீழ், சளி, ரத்தம் எது வந்தாலும் அதில் எந்தக் கிருமி வளர்கிறது, எந்த மருந்துக்கு அது அடங்குகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஆகவே கிருமி பற்றி நான் சொல்வதை நம்பலாம். சட்டம், நிர்வாகம் பற்றிச் சொல்வது பக்கத்தில் இருந்து பார்த்தவரின் பேச்சு. உங்கள் அப்பாவின் நெஞ்சில் என்ன இருக்கிறது என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நான் பார்த்ததைக் காட்டினால் மற்றது எளிதில் புரியும். உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு. அதில் வெளிறிய தேன் நிறத்தில் உறைந்த ஊட்டப் பொருள். நோயாளியின் கிருமியைப் பஞ்சில் எடுத்து, வாசலில் கோலமாவு இழுப்பதுபோல் இடைவெளியில்லாமல் அதன்மேல் பூசுவோம். பிறகு மருந்து தோய்த்த சிறு காகித வட்டுகளை இடம்விட்டு வைப்போம், ஒரு வட்டுக்கு ஒரு மருந்து. இரவு முழுவதும் உடல் சூட்டில் அடைகாக்கும் பெட்டிக்குள் இருக்கும். காலையில் எடுத்தால் தட்டெங்கும் சாம்பல் படலம் படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்த இடத்தில் மட்டும் வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம். அந்த வளையத்தின் குறுக்களவை அளவுகோல் வைத்து மில்லிமீட்டரில் எழுதுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிறுநீரில் வரும் சாதாரண ஈ.கோலி கிருமிக்கு சிப்ரோஃப்ளாக்சசின் வட்டைச் சுற்றி முப்பது மில்லிமீட்டர் வளையம் விழுவது சாதாரணம். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில், வட்டின் விளிம்புவரை படலம் ஏறி நிற்கும் தட்டுகளை அடுக்கடுக்காகப் பார்த்தேன். அளவுகோலை எடுக்க வேண்டிய தேவையே இருக்காது. அறிக்கையில் அந்த மருந்துக்கு எதிரே ‘ஆர்’ என்று ஓர் எழுத்து எழுதினால் முடிந்தது; இந்த மருந்துக்குக் கிருமி அடங்காது என்று அதற்குப் பொருள்.

இது எங்கள் ஊர் ஆய்வகத்தில் மட்டும் பார்த்த கதையல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2013இல் இதற்கென்று ஒரு கண்காணிப்பு வலையமைப்பைத் தொடங்கியது. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) அதன் முதன்மை மையங்களில் ஒன்று. அந்த வலையமைப்பின் கணக்குப்படி, ஈ.கோலி கிருமிகளில் இமிபெனம் என்ற கடைசிக்கட்ட ஊசிக்குக் கட்டுப்பட்டவை 2017இல் நூற்றுக்கு எண்பத்தொன்று. 2023இல் அது அறுபத்து மூன்றை ஒட்டி வந்துவிட்டது. ஆறே ஆண்டுகள்! இந்த எண்ணைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செய்திகளில் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள். இவை பெரிய மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்த மாதிரிகள். ஏற்கெனவே நாலு இடத்தில் மருந்து தின்று தீராமல் கோப்பும் கையுமாக வந்தவர்களின் கிருமிகள் அதில் அதிகம். சி.எம்.சி. எதிரே, தொலைவிலிருந்து வரும் நோயாளிகளுக்காக வங்காள மொழியில் பலகை தொங்கும் விடுதித் தெருக்களில் நடந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். குடியாத்தத்தில் முதல்முறை நீர்க்கடுப்பு வந்த பெண்ணின் கிருமியும் இதே விகிதத்தில் முரடாக இருக்கும் என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லக் கூடாது. நிலை மோசமாகிக்கொண்டே போகிறது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் மரணங்கள் நேரடியாக மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேர்ந்தன என்று ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது.

இனி அரசுக்கு வருகிறேன். நம் நாட்டில் இந்தப் பேச்சு சூடுபிடித்ததே ஒரு மானப் பிரச்சினையில்தான். இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நோயாளி ஒருவரிடம் 2008இல் ஒரு கிருமி கிடைத்தது. கடைசிக்கட்ட மருந்துகளையும் அறுத்துப் போடும் நொதி அதில் இருந்தது. அந்த நொதிக்கு நியூடெல்லி என்று பெயர் வைத்துவிட்டார்கள், சுருக்கமாக என்.டி.எம்.-1. 2010இல் இது பற்றி வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் பேசப்பட்ட கிருமிகளில் சென்னையில் எடுத்தவையும் உண்டு. நாடாளுமன்றம் வரை கூச்சல். கிருமியை விடப் பெயர்தான் அதிகம் பேசப்பட்டது. ஆனால் அந்த அவமானம் வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2011இல் மத்திய அரசு ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது. சீட்டில்லாத விற்பனையை ஒரேயடியாக நிறுத்த முயன்றபோது, டாக்டரே இல்லாத ஊரில் சீட்டுக்கு எங்கே போவது என்று எதிர்ப்பு கிளம்பியது. உங்கள் கோபமும் அதேதான், பதினைந்து ஆண்டுப் பழமை அதற்கு உண்டு. 2012இல் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் முன்னின்று, பல மருத்துவச் சங்கங்களைச் சென்னையில் உட்காரவைத்து ஓர் அறிக்கை தயாரித்தார். சென்னைப் பிரகடனம் என்று அதற்குப் பெயர். எல்லாவற்றையும் ஒரே நாளில் பூட்ட முடியாது, நடக்கக்கூடியதை முதலில் செய்வோம், ஆபத்தான சில மருந்துகளில் தொடங்குவோம் என்பது அதன் சாரம். கொள்கை எழுதுபவர்களிடம் இந்த நடைமுறைப் புத்தி அபூர்வம் என்பதால் எனக்கு அதன்மேல் இன்றும் மரியாதை உண்டு.

அந்த வழியில் வந்ததுதான் ‘எச்1’ அட்டவணை. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடங்கும்போது நாற்பத்தாறு மருந்துகள் கொண்ட பட்டியல். பாதியளவு ஆன்டிபயாடிக், மற்றவை காசநோய் மருந்துகளும் பழக்கத்துக்கு அடிமையாக்கும் சிலவும். இவற்றை விற்கும்போது எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை நான் ஒருமுறை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். என் பெரியப்பா மகன் மருந்துக் கடை வைத்திருக்கிறார். இரவு ஒன்பதரைக்குக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, நீள நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பகல் முழுக்க விற்றதற்கான பக்கம் வெற்றாக இருந்தது. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, நாற்பது வரிகள். மருத்துவர் பெயர் என்ற பத்தியில் மூன்றே பெயர்கள் மாறி மாறி வந்தன. “என்ன அண்ணா இது?” என்று கேட்டேன். “பார்க்க வருகிறவர் நோட்டு இருக்கிறதா என்றுதானம்மா பார்க்கிறார், யாருக்கு எழுதினேன் என்றா கேட்கிறார்? சீட்டு கொண்டுவா என்றால் எதிர்க்கடைக்குப் போகிறான், அவன் கூடவே அவன் வீட்டு மாத மருந்தும் போய்விடுகிறது” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. உங்கள் காட்பாடிக் கடைக்காரர் இல்லையென்று சொன்னாரே, அன்று அவர் இழந்தது ஒரு அட்டை மாத்திரையின் லாபம் மட்டும் அல்ல. அவர்மேல் கோபப்படாதீர்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2014இல் வந்த அந்தப் பட்டியலில் செஃபிக்சிம் இருக்கிறது, லெவோஃப்ளாக்சசின் இருக்கிறது. நீங்கள் கேட்ட அசித்ரோமைசின் இல்லை. அதற்கும் சீட்டு வேண்டும்தான். ஆனால் நோட்டில் ஏற்ற வேண்டிய கட்டாயம் வரவில்லை. 2019இல் தனியார் சந்தையில் எந்த ஆன்டிபயாடிக் அதிகம் போனது என்று கணக்கெடுத்தபோது முதலிடத்தில் வந்தது அசித்ரோமைசின் 500 மில்லிகிராம், அடுத்தது செஃபிக்சிம் 200. முதலிடத்துக்கு நோட்டே இல்லை, இரண்டாவதுக்கு இரவு ஒன்பதரை நோட்டு. நீங்கள் கண்துடைப்பு என்று சொன்னது இந்த இடத்தில் பொருந்தும்.

முழுவதையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. 2016இல் வந்த சிவப்புக் கோடு விளம்பரம் ஒரு நல்ல யோசனை. எழுத்துக் கூட்டிப் படிக்காதவரும் அட்டையைத் திருப்பினால் கோட்டைப் பார்க்கலாம். டாக்டர் சீட்டில்லாமல் சாப்பிடாதே என்பதுதான் கோட்டின் பொருள் என்று தெருத்தெருவாகச் சொல்லும் வேலைதான் நடக்கவில்லை. 2017 ஏப்ரலில் தேசியச் செயல்திட்டம் வந்தது. மனிதர், கால்நடை, சுற்றுச்சூழல் மூன்றையும் ஒன்றாகப் பார்த்த நல்ல ஆவணம். சுகாதாரம் மாநிலத்தின் கையில் இருக்கிறது, திட்டம் டெல்லியின் கையில் இருக்கிறது, மாநிலங்களுக்கென்று தனிப் பணம் இல்லை. பின்னே எப்படி ஓடும்? கேரளம் மட்டும் 2018இலேயே தனக்கென்று ஒரு திட்டம் போட்டு, மாநில அளவில் எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று தொகுத்து வெளியிட்டு, 2024இல் சீட்டில்லாமல் விற்கும் கடைகளில் திடீர்ச் சோதனையும் தொடங்கியது. விற்பனை குறைந்ததாக அந்த அரசு சொல்கிறது. விற்பனை குறைந்ததால் கிருமி அடங்கியதா என்று தட்டுகளில் தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆகும். 2025 நவம்பரில் மத்திய அரசு இரண்டாவது செயல்திட்டத்தை வெளியிட்டிருக்கிறது, 2029 வரைக்கும். அதை இப்போதே புகழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

இப்போது ஏழைகளை அலைக்கழிக்கிறதா என்ற கேள்வி. ஆம், கடை வாசலை மட்டும் பூட்டினால் அலைக்கழிக்கத்தான் செய்யும். பீடி சுற்றுகிற பெண் ஒரு நாள் டாக்டரிடம் போய் உட்கார்ந்தால் அன்றைய சுற்றலுக்கான கூலி போச்சு, பஸ் காசு போச்சு, ஃபீஸ் வேறு. கடையில் நாற்பது ரூபாய்க்கு வேலை முடியும் என்றால் அவர் செய்வது முட்டாள்தனமே அல்ல, கச்சிதமான கணக்கு. ஆன்டிபயாடிக் கிடைக்காமல் நிமோனியாவில் சாகும் குழந்தைகளும் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதை எங்கள் துறையில் மேடை ஏறுபவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஆனால் நம் மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் என்று ஒன்று எட்டும் தூரத்தில் இருக்கிறது, அங்கே மருந்தும் இலவசம். சீட்டு கேட்பதை நியாயம் என்று சொல்ல வேண்டுமானால் அந்த நிலையம் கூலி வேலை முடிந்த மாலையிலும் திறந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கடைக்காரரையும் மக்களையும் குறை சொல்லி முடித்துக்கொள்வது எங்களுக்கு வசதி. அதனால் என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சிறு ஆய்வகம் ஒன்றில் நான் இருந்த ஆண்டுகளில் எங்கள் வாடகையைக் கட்டியது வைடால் பரிசோதனை. வெள்ளைத் தகட்டில் ஒரு சொட்டு ரத்தச் சீரம், ஒரு சொட்டு பரிசோதனைத் திரவம். ஆட்டினால் மணல் மணலாகத் திரிகிறதா என்று பார்ப்பது. திரிந்தால் டைஃபாய்டு. நம் பகுதியில் எப்போதோ டைஃபாய்டு வந்து போனவருக்கும், தடுப்பூசி போட்டவருக்கும், வேறு காய்ச்சலில் இருப்பவருக்கும்கூட அது திரியும். ஒரே ஒரு முறை பார்த்த வைடாலை வைத்து டைஃபாய்டு என்று உறுதி செய்யக் கூடாது என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கும் தெரியும். இருந்தும், சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் திரிகிறது என்ற கணக்கில், ஒன்றுக்கு எண்பது, ஒன்றுக்கு நூற்றறுபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை எடுத்துக்கொண்டு போனவரிடம் ‘லேசாக டைஃபாய்டு இருக்கிறது’ என்று சொல்லி ஏழு நாள் ஊசி போடப்பட்டது. அந்த எண்களை வைத்து லேசான டைஃபாய்டு என்று சொல்ல வழியே கிடையாது. சரியான பரிசோதனை மருந்து தொடங்கும் முன் ரத்தம் எடுத்துக் கல்ச்சர் வைப்பது, அதாவது அதில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. அதற்கு ரத்தம் அதிகம் வேண்டும், காசு அதிகம், விடை தெரியச் சில நாட்கள். காய்ச்சலில் கிடக்கிறவரிடம் அந்தச் சில நாட்களைக் கேட்கத்தான் எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை. தவறான பரிசோதனையும் ஒரு சீட்டுதான். அதைக் கட்டுப்படுத்த எந்த அட்டவணையும் இல்லை.

பெரிய மருத்துவமனைகள் மட்டும் ஒழுங்கா என்றால், தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-22இல் இருபது பெரிய மருத்துவமனைகளில் ஒரு கணக்கு எடுத்தது. படுக்கையில் இருந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேருக்கு ஏதோ ஓர் ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பாதிக்கு மேல் தொற்று வந்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே கொடுத்தது. கிருமி இன்னது என்று உறுதிசெய்த பிறகு கொடுத்தது மிகச் சொற்பம். அந்த அறிக்கை வெளியான 2024 ஜனவரியில், ஆன்டிபயாடிக் எழுதினால் எதற்காக என்ற காரணத்தையும் சீட்டில் எழுதுங்கள் என்று மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் மருத்துவக் கல்லூரி மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒரே வரிக் கோரிக்கைதான், ஆனால் காரணத்தை எழுத வேண்டும் என்றால் கை ஒரு நொடி நிற்கும் என்பது என் அனுபவம்.

இவ்வளவையும் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். நம் தேசிய முயற்சிகள் கிருமியை எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டன, மருந்தை எண்ணக் கற்றுக்கொள்ளவில்லை. எந்தக் கிருமி எத்தனை சதவீதம் முரடாகிவிட்டது என்று ஆண்டுதோறும் அறிக்கை வருகிறது. ஆனால் பள்ளிகொண்டாவில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு மருத்துவருக்கு, போன மாதம் நீங்கள் பார்த்த நூறு சளிக்காய்ச்சலில் இத்தனை பேருக்கு ஆன்டிபயாடிக் எழுதினீர்கள், பக்கத்து ஊரில் இத்தனை என்று சொல்ல நாதியில்லை. தன் கணக்கு தனக்கே தெரியாதவர் எதைக் குறைப்பார்?

ஸ்வீடனில் 1995இல் ஸ்ட்ராமா என்ற பெயரில் மருத்துவர்கள் ஆரம்பித்ததன் மையமே இந்தக் கணக்குதான். வட்டாரவாரியாக உட்கார்ந்து, யார் எவ்வளவு எழுதுகிறார்கள் என்று அவர்கள் முன்னாலேயே விரித்து வைத்துப் பேசினார்கள். 1992க்கும் 2016க்கும் இடையில் ஆன்டிபயாடிக் சீட்டுகள் 43 சதவீதம் குறைந்தன; நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் 73 சதவீதம். பணக்கார நாடு, கணினி இருக்கிறது, ஜனத்தொகை குறைவு, நமக்கு எப்படி ஒத்துவரும் என்பீர்கள். அப்படிச் சொல்ல வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு உரிமை இல்லை என்பேன். 1980களில் சி.எம்.சி.யின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் இங்கே ஒரு வேலை செய்தார். நோய்ப் பெயர்கள் அச்சடித்த தபால் அட்டைகளை அரசு, தனியார் என்று பார்க்காமல் மாவட்டத்தின் மருத்துவமனைகளுக்குக் கொடுத்தார். குறிப்பிட்ட நோய் வந்தால் அட்டையில் குறித்துத் தபாலில் போட்டால் போதும். வந்த அட்டைகளைத் தொகுத்து மாதம் ஒரு செய்தித்தாளாக, எழுதியவர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். வட ஆர்க்காடு மாவட்ட சுகாதாரத் தகவல் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘நதி’ என்று வரும். பாலாற்றில் தண்ணீர் ஓடாத மாவட்டத்தில் ஓடிய நதி அது! அரசாங்கத்துக்கே அறிக்கை தராத தனியார் மருத்துவர்கள் தபால் அட்டை போட்டார்கள். காரணம், போட்டால் பதில் வந்தது. 1998இல் லான்செட் இதழ் அதை வளரும் நாடுகளுக்கான மாதிரி என்று வெளியிட்டது. 2000களில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு டெல்லி, மும்பை, தென்னாப்பிரிக்காவின் இரண்டு ஊர்கள் ஆகியவற்றுடன் வேலூரிலும், கடையிலிருந்தும் கிளினிக்கிலிருந்தும் வெளியே வருகிறவர்களிடம் என்ன மருந்து வாங்கினார்கள் என்று மாதாமாதம் கேட்டுக் குறித்தார்கள். ஆக, மருந்தை எண்ணவும் இந்த ஊருக்குத் தெரியும். ஆய்வு முடிந்தது, எண்ணுவதும் முடிந்தது.

உறுதியில்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ‘கோர்ஸை முழுதாக முடிக்காவிட்டால் கிருமி முரடாகிவிடும்’ என்று நாங்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லிவந்தோம். இன்று அது அவ்வளவு உறுதியாக இல்லை. பல தொற்றுகளுக்குக் குறைந்த நாட்களே போதும், தேவைக்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளும் குடலில் இருக்கும் மற்றக் கிருமிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறது என்பதற்கு ஆதாரம் சேர்ந்துகொண்டிருக்கிறது. காசநோய்க்கு இது பொருந்தாது. அங்கே நடுவில் நிறுத்துவது ஆபத்து. உங்களுக்கான நாள் கணக்கை எழுதிக்கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும். மருந்தை நிறுத்தினால் கிருமி பழையபடி சாதுவாகிவிடுமா என்பதிலும் ஒரே விடை இல்லை. டைஃபாய்டில் அப்படி நடந்தது. எண்பதுகளின் இறுதியில் குளோராம்ஃபெனிகாலுக்கு அடங்காமல் போன கிருமி, அந்த மருந்தை எல்லோரும் கைவிட்ட பிறகு மெல்ல மெல்ல மறுபடி அடங்கத் தொடங்கியது. அதற்குள் சிப்ரோஃப்ளாக்சசினை நாம் கெடுத்துவிட்டோம். எல்லாக் கிருமியும் இப்படித் திரும்பி வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கோழிப் பண்ணை பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மனிதருக்குக் கடைசி ஆயுதமான கோலிஸ்டினைத் தீவனத்திலும் கால்நடைகளுக்கும் பயன்படுத்துவதை 2019 ஜூலையில் தடை செய்தார்கள். செய்தவற்றிலேயே சந்தேகமில்லாமல் நல்ல காரியம் என்று நான் சொல்வேன். மருந்து ஆலைக் கழிவுநீரில் ஆன்டிபயாடிக் இவ்வளவுதான் இருக்கலாம் என்று 2020இல் வரைவு விதி வந்தது. அடுத்த ஆண்டு இறுதி விதி வந்தபோது அந்த வரம்புகளைக் காணவில்லை. ராணிப்பேட்டைத் தோல் கழிவைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் அப்பா. மிச்சமிருக்கும் இரண்டு மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். சளியும் லேசான காய்ச்சலும் பெரும்பாலும் வைரஸ், அதற்கு அசித்ரோமைசின் ஒன்றும் செய்யாது. ஒருவேளை பாக்டீரியாவாகவே இருந்தாலும் இரண்டு மாத்திரை சிகிச்சை ஆகாது. அவருக்கு இதயத் துடிப்பு தொடர்பான மருந்து ஏதாவது இருந்தால் அசித்ரோமைசின் அதோடு மோதவும் கூடும். இதையெல்லாம் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் கேட்கமாட்டார். ஆனால் அறுபத்தெட்டு வயது, சர்க்கரை, நான்கு நாள் என்பதால் வீட்டிலேயே வைத்துக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம். நாளைக் காலை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தெரிந்த மருத்துவரிடமோ காட்டிவிடுங்கள். மூச்சு வேகமாக வாங்குவது, நெஞ்சு வலி, குழறிப் பேசுவது, சாப்பிடாமல் சுருண்டு படுப்பது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரைக்கும் பொறுக்காமல் இன்றே கிளம்புங்கள். மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினால் எதற்காக, எத்தனை நாள் என்று கேளுங்கள். எழுதாவிட்டால் ‘ஒன்றுமே எழுதவில்லையே’ என்று மட்டும் கேட்காதீர்கள், அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து எழுதப்பட்ட சீட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த இரண்டு மாத்திரைகளைச் சாக்கடையில் போடாமல், அட்டையோடு கொண்டுபோய் உங்கள் காட்பாடிக் கடைக்காரரிடமே கொடுத்துப் பாருங்கள். வாங்க வேண்டிய கட்டாயம் அவருக்கில்லை. சீட்டு கேட்கிறவர் என்பதால் வாங்கிக்கொள்வார் என்று நினைக்கிறேன்.